மூன்று கட்டை

என் சைக்கிளின் முன்சில்லு ஒரு தடவை சுற்றினால் எண்பத்தெட்டு அங்குலம் போகும். ஒரு மைலுக்கு எழுநூற்று இருபது சுற்று. ரயர் தேயத் தேய இது மாறும் என்பதால் மாதத்துக்கு ஒருமுறை சில்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நிலத்தில் உருட்டி, நாடாவால் அளந்து பார்ப்பேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் அளந்தபோது கால் அங்குலம் குறைந்திருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன். விட்டது சரியோ என்று பிறகு சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில்லுக் கம்பியில் ஒரு தோல்துண்டைக் கட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்று தட்டும். நூறு தட்டுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சட்டைப்பையிலிருந்து காற்சட்டைப் பைக்கு மாற்றுவேன். ஏழு கொட்டையும் இருபது தட்டும் ஒரு மைல். நாய் துரத்தியோ, யாராவது கதை கொடுத்தோ எண்ணிக்கை பிசகினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் தொடங்குவேன். அந்த ஆவணியில் அப்படி நான்கு தடவை திரும்பினேன்.

எங்கள் பக்கத்தில் மைல் என்று யாரும் சொல்வதில்லை. கட்டை என்பார்கள். வீதியோரத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்த கல்லைக் கட்டை என்று சொல்லப்போய், தூரத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கிலோமீற்றர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் கட்டை போகவில்லை. நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தவன். முப்பத்து நான்கு வருடம் நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக இருந்தும், வாயில் வருவது கட்டைதான்.

அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. கிளிநொச்சியில் இருந்த வீட்டை விட்டு வந்து ஒட்டுசுட்டானில் ஓர் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருந்தேன். அந்தப் பகுதிக் கூட்டுறவுச் சங்கக் கடையில் நிவாரணச் சாமான் பங்கிடும் வேலையை ஒழுங்குபடுத்த எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். போனேன்.

பிரச்சினை இதுதான். இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஏழு குடியிருப்புகளில் இருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். களஞ்சியம் ஒன்று, முள்ளியவளையில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏழு இடத்திலிருந்தும் ஆட்கள் நடந்தோ சைக்கிளிலோ வந்து அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி வாங்கிப் போகவேண்டும். இப்போது சங்கத்துக்கு ஓர் உழவு இயந்திரம், பின்னால் இழுக்கும் பெட்டியோடு கிடைத்திருந்தது. ஒரு பங்கீட்டுச் சுற்றுக்கு முப்பது லீற்றர் டீசல் தருவார்கள், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. சாமானைக் குடியிருப்புகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சங்கத் தலைவர் நினைத்தார். களஞ்சியத்தை எங்கே வைப்பது, இயந்திரம் எந்த இடத்துக்குப் பின் எந்த இடத்துக்குப் போவது என்று எழுதித் தரச் சொன்னார். இரண்டு களஞ்சியம் வைக்க ஆளும் இல்லை, பூட்டும் இல்லை.

இயந்திரத்தை ஓட்டியவர் முள்ளியவளைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். பாரத்தோடு லீற்றருக்கு எத்தனை கட்டை ஓடும் என்று கேட்டேன்.

"இறக்கமெண்டா மூண்டு, மணலெண்டா ஒண்டு, நான் கோவமா இருந்தா ஒண்டுமில்லை," என்றார்.

இரண்டு என்று எழுதிக்கொண்டேன். முப்பது லீற்றருக்கு அறுபது கட்டை. ஒரு சுற்று அதற்குள் முடியவேண்டும்.

ஏழு குடியிருப்பில் ஆறுக்கும் போகும் பாதைகளை இரண்டு பக்கமும் அளந்தேன். ஏழாவது, கடற்கரைச் சனங்களின் குடியிருப்பு. கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேல் முன்பே வெளிக்கிட்டவர்கள், கத்தோலிக்கர், களப்பிலும் கடலிலும் மீன் பிடித்தவர்கள். இந்தக் காடு அவர்களுக்கு ஐந்தாவது இடம். அங்கே போக இரண்டு வழி. கிழக்கு வழி முள்ளியவளையிலிருந்து. மேற்கு வழி, ஒட்டுசுட்டானிலிருந்து பெருந்தெருவில் நான்கு கட்டை வந்து, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கும் பாதை. நான் கிழக்கு வழியால் போனேன். ஐந்து கட்டையும் அறுநூற்றுத் தொண்ணூறு சுற்றும். ஆறு என்று எழுதினேன்.

மேற்குப் பாதையை அளக்கவில்லை. அந்தக் கிழமை அதில் ஒரு தனியன் யானை நிற்பதாகச் சொன்னார்கள். அளக்காமல் விட்ட பாதை அது ஒன்றுதான்.

அந்தக் குடியிருப்பின் பிரதிநிதி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். எத்தனை குடும்பம் என்று கேட்டபோது கொப்பி எடுக்காமலே பதில் சொன்னார்.

"ஆறு பத்தும் ஒரு மணியும்."

விளங்காமல் பார்த்தேன். கழுத்திலிருந்த செபமாலையைத் தூக்கிக் காட்டினார். பத்துப் பத்து மணியாக அதில் குடும்பங்களை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறாராம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வீடு, மாலையின் ஐந்து பத்தும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அறுபத்தொன்று. பட்டியலோடு ஒப்பிட்டேன், சரி.

"மேற்கால ஒட்டுசுட்டான் றோட்டுக்கு ஒரு பாதை போகுதெல்லே, பிள்ளை? அதில எத்தினை கட்டை?" என்று கேட்டேன்.

"மூண்டு கட்டை, ஐயா."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியாதே? கிழமைக்கு ரெண்டு தரம் போய்வாற நான். முதல் ரெண்டும் பிரச்சினையில்லை. கடைசிக் கட்டைதான் கஷ்டம். பாரத்தோட வரேலாது."

"சைக்கிளிலயும் ஏலாதோ?"

"இறங்கி உருட்டவேணும். எல்லாம் கடிதத்தில எழுதித் தந்தனான்தானே, ஐயா."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்த நாட்களில் எல்லாரும் பங்கீட்டு அட்டை பற்றித்தான் கடிதம் எழுதினார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன். மேற்கு வழி மூன்று கட்டை, கடைசிக் கட்டை மணலாக இருக்கலாம் என்று கொப்பியில் எழுதினேன். அந்த வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 'மணல்' என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை.

புறப்படும்போது கொட்டிலின் கூரை வளையில் சுருட்டிக் கட்டியிருந்த வலைகளைக் கண்டேன். வலையின் அடியில் ஈயக் குண்டுகள். எனக்கு அப்போது பாரம் தேவைப்பட்டது. ஒரே அளவான பாரம், நிறைய. கந்தோரில் இருந்த காலத்தில் ஒரு பொறியியலாளர் காட்டிய முறை ஒன்று உண்டு. படத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வோர் ஊர் இருக்கும் இடத்திலும் துளை போட்டு, துளைக்கொரு நூலை இறக்கி, நூலின் கீழ்நுனியில் அந்த ஊரின் சனத்தொகைக்கு ஏற்ற பாரத்தைத் தூக்கிவிடவேண்டும். மேலே எல்லா நூலின் நுனியையும் ஒன்றாக முடிந்து கையை விட்டால், முடிச்சு தன்பாட்டில் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். எல்லா ஊருக்கும் போகும் பாரமும் தூரமும் கூட்டினால் குறைவாக வரும் இடம் அதுதான். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குண்டு என்று வைத்தால் நாற்பது குண்டு.

இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கடலில்லாத இடத்தில வலைக்கு ஈயம் என்னத்துக்கு? கொண்டுபோங்கோ. ஆனா திருப்பித் தரவேணும், ஐயா, நாப்பதும்."

பால்மா ரின் ஒன்றில் எண்ணிப் போட்டார். பெரிய குடியிருப்புக்கு ஒன்பது, அடுத்ததுக்கு ஏழு என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், தங்களுக்கு ஆறு என்றதும் கையை நிறுத்தினார்.

"நாங்கள் அறுபத்தொண்டு."

"பத்துக்கு ஒண்டெண்டுதானே, பிள்ளை. ஆறு."

"அப்ப அந்த ஒரு குடும்பத்தை எங்க போட்டனியள்? ஆத்துக்கையோ?"

பக்கத்தில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வயதான ஒருவர் அந்த ஒரு குடும்பம் தன்னுடையது என்றார். என்னைப் போகவிடமாட்டார்கள் போலிருந்தது. என் சட்டையின் கடைசிப் பொத்தான் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து ரின்னுக்குள் போட்டேன்.

"இது காணுமோ பாரம்?"

"ஒரு குடும்பத்துக்குக் காணும்," என்றார் அவர்.

பலகையை அடுத்த நாள் செய்தேன். சாமான்பெட்டிப் பலகை, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஏழு துளை. நாற்பது குண்டும் ஒரு பொத்தானும் தொங்கின. முடிச்சைப் பதினொரு தடவை விட்டுப் பார்த்தேன். ஒன்பது தடவை ஒரே இடத்தில் நின்றது. அந்த இடம் ஒரு குளத்தின் நடு.

சாரதி எட்டிப் பார்த்தார்.

"நல்ல இடம், ஐயா. களஞ்சியகாரனா ஒரு முதலையை வைப்பம். சம்பளமும் கேளாது."

முடிச்சு காகம் பறக்கும் வழியைத்தான் பார்க்கும், வீதியைப் பார்க்காது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முடிச்சு நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் கட்டடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அது உதவியது. இரண்டுதான் இருந்தன. ஒன்று முள்ளியவளையில் இருந்த பழைய களஞ்சியம். மற்றது ஒட்டுசுட்டானில் ஓர் அரிசி ஆலையின் கொட்டகை. இரண்டுக்கும் இடையில் பெருந்தெருவில் பதினொரு கட்டை.

பிறகு வழி. இதற்கு இரண்டு முறை தெரியும். ஒன்று, எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து கிட்ட உள்ள இடத்துக்குப் போவது. எல்லாரும் இயல்பாகச் செய்வது. அப்படிப் போட்டுப் பார்த்தபோது ஆரம்பம் அழகாக இருந்தது. கடைசியில் தூரத்து இடம் தனியே மிஞ்சி, அதற்காக ஒரு முழு ஓட்டம் போகவேண்டி வந்தது. கூட்டினால் அறுபத்தெட்டுக் கட்டை. மற்ற முறை மிச்சம் பிடிப்பது. முதலில் ஏழு இடத்துக்கும் தனித்தனியே போய்வருவதாக எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு எந்த இரண்டை ஒரே ஓட்டத்தில் சேர்த்தால் எத்தனை கட்டை மிச்சம் என்று பார்க்கவேண்டும். ஏழு இடத்தில் இரண்டிரண்டாக இருபத்தொரு சோடி. கூட மிச்சம் தரும் சோடியை முதலில் சேர்த்து, பெட்டி நிறைந்ததும் நிறுத்தவேண்டும். பெட்டியில் நாற்பத்தைந்து மூடை ஏறும்.

இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனியே செய்தேன். மூன்று பகல் போனது. ஒட்டுசுட்டானில் களஞ்சியம் வைத்தால் நான்கு ஓட்டம், ஐம்பத்து நான்கு கட்டை. முள்ளியவளையில் வைத்தால் நான்கு ஓட்டம், ஐம்பத்தேழு கட்டை. வித்தியாசம் மூன்று கட்டை, ஒன்றரை லீற்றர். வவுனியாவிலிருந்து வரும் லொறிக்கும் ஒட்டுசுட்டான்தான் முன்னுக்கு வரும். தலைவர் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்தார்.

"அண்ணை, கணக்கெண்டா இதுதான் கணக்கு," என்றார். அதை மூன்று பேரிடம் திருப்பிச் சொன்னார்.

முள்ளியவளைக் களஞ்சியம் மூடப்பட்டது. ஆலைக் கொட்டகைக்கு முந்நூற்று முப்பது மூடை வந்து இறங்கியது. இரண்டு சுற்றுக்குப் போதும்.

முதற்சுற்றின் மூன்றாவது ஓட்டத்தில் நானும் பெட்டியில் ஏறிக்கொண்டேன். இருபத்தொரு மூடையை வழியிலுள்ள குடியிருப்பில் இறக்கினோம். கடற்கரைச் சனங்களின் இருபத்து நான்கு மூடை மட்டும் மிச்சம். பெருந்தெருவிலிருந்து இறங்கி மேற்குப் பாதையில் போனோம். யானை இல்லை. பாதை இறுகிய செம்மண். மணல் எங்கும் இல்லாதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு வாய்க்கால் வந்தது. அதன் மேல் மூன்று நான்கு பாலைமரக் கட்டைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள், நடந்து போக. சாரதி பக்கத்தால் இறக்கி ஏற்றினார். இன்னும் கொஞ்சத் தூரத்தில் இன்னொரு வாய்க்கால், இன்னொரு கட்டை. அதிலும் இறங்கி ஏறினோம். பிறகு இயந்திரம் நின்றது.

முன்னால் மாரியில் மட்டும் ஓடும் ஆறு. தண்ணீர் இல்லை. செங்குத்தான இரண்டு கரை, ஒன்றரை ஆள் ஆழம், நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி, அகலம். நடுவிலே மண்மேடு, அதில் முண்டு கொடுத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒற்றை வரிசையில் மரங்கள் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் மரம் உக்கி, உளுத்து வெடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணும் பத்துப் பதினைந்து ஆட்களும் காத்து நின்றார்கள்.

சாரதி எஞ்சினை அணைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, மூண்டு கட்டையெண்டு எழுதினியளெல்லே? எண்ணிப் போட்டன். சரியா மூண்டுதான்."

அவர்கள் அந்தக் கடவைகளைக் கட்டை என்றுதான் சொன்னார்கள். முதற் கட்டை, நடுக் கட்டை, கடைசிக் கட்டை. பெயரே அதுதான். நான் தூரத்தைக் கேட்டேன், அவர் கடவையைச் சொன்னார். கடைசிக் கட்டையில் பாரத்தோடு வரமுடியாது என்றும் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒருவரால் சொல்லமுடியாது.

ஆண்கள் ஒவ்வொருவராக மரத்தின் மேல் வந்து, மூடையைத் தலையில் வைத்து, அதே மரத்தால் திரும்பினார்கள். இருபத்து நான்கு மூடைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. பதினேழாவது மூடையோடு வந்தவர் உக்கின இடத்தில் கால் வழுக்கிக் குந்திவிட்டார். மூடை விழவில்லை.

கடைசி மூடை போனபின் அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்தார்.

"ஐயா, மழை வந்தா இந்தக் கட்டை தண்ணிக்குக் கீழ. அப்ப எங்க போய் எடுக்கிறது?"

பதிலை நான் அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஆறு ஓடத் தொடங்கினால் கிழக்கு வழியால் முள்ளியவளைக்கு ஆறு கட்டை. அங்கே இப்போது களஞ்சியம் இல்லை. அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்குப் பதினொன்று. சொல்ல மனம் வரவில்லை. அவரே சொன்னார்.

"முந்தி ஆறு கட்டை நடந்தனாங்கள். இனிப் பதினேழு. நல்ல கணக்கு, ஐயா."

இங்கே கட்டை என்றால் மைல் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

சங்கக் கந்தோருக்கு வந்து கடிதத் தட்டைக் கொட்டினேன். பத்தொன்பது கடிதம். பதினான்காவது அவருடையது. நான் வேலைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன் எழுதியது. 'எமது பாதையில் மூன்று கட்டைகள் உள்ளன. கடைசிக் கட்டை உக்கி ஆபத்தான நிலையில் உள்ளது. மாரிக்கு முன் திருத்தித் தரவும்.' அதை யாரும் பிரித்திருக்கவில்லை. நான் பாதை பற்றிக் கேட்டபோது, இந்தக் கடிதத்துக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

மறுபடி கணக்குப் போட்டேன். ஒட்டுசுட்டானிலிருந்து கிழக்கு வழியால் சுற்றிப் போனால் ஒரு சுற்றுக்கு எழுபத்து நான்கு கட்டை. டீசல் காணாது. முள்ளியவளைக்குக் களஞ்சியத்தைத் திருப்பினால் பழையபடி ஐம்பத்தேழு. காணும். எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன்.

"அண்ணை, லொறிக்கு ஒட்டுசுட்டான் மட்டுந்தான் எண்டு அனுமதிக் கடதாசி எடுத்தாச்சு. நீங்கள் சொல்லித்தான் எடுத்தது."

"பிழை என்ரதான்."

"பிழையெண்டு ஆர் சொன்னது? நானூற்றுச் சொச்சம் குடும்பத்தில முந்நூற்றைம்பது பேருக்கு வாசலில சாமான் போகுது. கூட்டிப் பாருங்கோ."

கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. முந்நூற்று ஐம்பத்தொன்று. என் கணக்கே முழுத்தொகையைக் குறைக்கிற கணக்குத்தான். அதில் ஒருவருக்கு ஆறு கட்டை பதினேழு கட்டையாவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. மாரிக்கு முன் அவர்களுக்கு இரண்டு சுற்றுச் சாமானை ஒன்றாகக் கொடுப்போமா என்று கேட்டேன். மற்ற ஆறு இடமும் சும்மா இருக்குமா என்று கேட்டார். கட்டையைத் திருத்தித் தருவோமா என்றேன். மரத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்றார். அப்படிப் பன்னிரண்டு யோசனை எழுதி வைத்திருந்தேன். ஆறாவதோடு அவர் எழும்பிவிட்டார்.

அடுத்த சுற்றும் மரத்தின் மேலால் போனது. அன்று அந்தப் பெண்ணிடம் தலைவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஆற்றுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. தண்ணி வந்தா நாங்கள் பாத்துக்கொள்ளுறம், ஐயா."

கோபத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் அந்தக் குரலில் சொல்லும்போது வேறு என்ன அர்த்தம் இருக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி இரண்டாம் கிழமை மழை தொடங்கியது. ஒரு வெற்று ரின்னை வெளியில் வைத்து ஒவ்வொரு காலையும் அடிமட்டத்தால் அளந்தேன். ஆறு நாளில் ஒன்பதேகால் அங்குலம். ஏழாம் நாள் சுற்று. குடியிருப்பிலிருந்து யாராவது நடந்து வந்திருக்கிறார்களா என்று கொட்டகை வாசலுக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"போய் என்ன செய்யிறது, ஐயா? இருபத்து நாலு மூடையையும் ஆத்துக்குக் காட்டிப்போட்டுத் திரும்பவோ?" என்றார் சாரதி.

"எழுதின ஓட்டம் எழுதினபடி போகவேணும்."

இதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. திரும்பிக் கொண்டுவந்தாலும் பதினான்கு கட்டைக்குரிய டீசல் போனதுதான்.

இரண்டு வாய்க்காலிலும் முழங்கால் தண்ணீர். இயந்திரம் தாண்டியது. ஆற்றங்கரைக்கு வந்தோம். கட்டையைக் காணவில்லை. பள்ளம் முழுக்கக் கலங்கிய தண்ணீர், கரைக்கு ஒரு முழம் கீழே, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் ஒரு மருதமரத்தில் வலைக்கயிறு கட்டியிருந்தது. அது தண்ணீருக்கு மேலால் அந்தக் கரை மரம் வரை இறுகப் போயிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேர் ஒரு தெப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முள்முருக்கங் கட்டைகளை வரிந்து கட்டிய தெப்பம். எண்ணினேன், ஏழு கட்டை. புதிதாகச் சீவியிருந்தது. இயந்திரம் முதன்முதல் நின்ற நாளுக்கு அடுத்த நாளே மரம் தறிக்கத் தொடங்கினார்களாம்.

மூன்று மூடையாக ஏற்றினார்கள். தெப்பம் ஆடவில்லை. எட்டுத் தடவையில் இருபத்து நான்கும் போனது. முப்பத்தைந்து நிமிடம். ஒரு மூடையின் மூலை மட்டும் நனைந்தது. காய்ந்த காலத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்த வேலை. நான் மணிக்கூட்டை இரண்டு தடவை பார்த்தேன்.

எட்டாவது தடவை திரும்பி வந்த தெப்பத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டு வந்தார். கையால் எதையும் பிடிக்கவில்லை.

"பாத்துக்கொள்ளுறம் எண்டு சொன்னனானெல்லே?"

"நான் கோவமாச் சொல்லுறியளெண்டு நினைச்சன்."

"கோவந்தான். அதுக்காகப் பாக்காமல் விடுறதே? தண்ணியில்லாட்டித்தான் எங்களுக்கு வழி தெரியாது, ஐயா. தண்ணி வந்தாப் பிறகு என்ன?"

சாரதி பெட்டியில் இருந்தபடி கேட்டார்.

"அக்கா, இப்ப எத்தினை கட்டை? மூண்டோ, பத்தோ?"

"தெப்பத்தின்ர ஏழையும் சேர்த்தா ஒன்பது. மற்றது தண்ணிக்குக் கீழ. ஐயாட்டைக் கேளுங்கோ, அவர் பிழைவிடமாட்டார்."

திரும்பும்போது நான் பெட்டியில் ஏறவில்லை. காலையில் சைக்கிளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். குடியிருப்பின் முதல் கொட்டிலிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதால், சைக்கிளோடு தெப்பத்தில் அந்தக் கரைக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஆற்றின் நாற்பது யார் அகலத்தையும் கயிற்றால் அளந்து சேர்த்தேன். பெருந்தெரு வரை இரண்டு கட்டையும் அறுநூற்று ஐம்பத்தைந்து சுற்றும். இன்னும் அறுபத்தைந்து சுற்று இருந்தால் சரியாக மூன்று. ஆகவே நான் கொப்பியில் எழுதிய எண்ணில் பிழை இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லாமல் எண் மட்டும் பொருந்தியிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அமைதி வருவதில்லை. வேறு எத்தனை எண் அப்படிப் பொருந்தி, நான் அறியாமல் போயிருக்கும்?

மாதாந்த அறிக்கையில் 'மேற்கு வழி, மூன்று கட்டை' என்ற வரியை மாற்றவில்லை. ஐம்பத்து நான்கையும் மாற்றவில்லை. தலைவர் அதை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குக் காட்டி, தங்கள் ஆள் போட்ட கணக்கு மாரியிலும் பிசகவில்லை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தெப்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் அதை ஒரு சுவையான விஷயமாகக் கேட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு காலை அந்தப் பெண் கந்தோருக்கு வந்தார்.

"ஈயத்தைத் தாங்கோவன், ஐயா. ஆத்தில மீன் ஏறுது. வலை போடவேணும்."

பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதைக் கழற்ற எனக்குக் கொஞ்சம் தயக்கம். தை மாதம் இன்னொரு குடியிருப்பு வரும் என்று சொல்லியிருந்தார்கள், எட்டாவது துளைக்கு இடமும் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் கொடுத்த வாக்கு. முடிச்சை அவிழ்த்தேன். ஏழு நூலும் துளைகளுக்குள்ளால் சறுக்கிக் கீழே விழுந்தன. குண்டுகளை மேசையில் பத்துப் பத்தாக நான்கு வரிசையில் வைத்தேன். அவர் செபமாலையைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பது.

பால்மா ரின்னுக்குள் போட்டு மூடினார். போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, பிள்ளை? நாப்பதும் சரிதானே."

"மற்றது?"

"எது?"

"எங்கட ஒரு குடும்பம்."

மேசைக்குக் கீழே குனிந்து தேடினேன். நூலோடு சுருண்டு கதிரைக் காலடியில் கிடந்தது. அது என் சட்டையின் பொத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நூலை அறுத்து, அவர் கையில் வைத்தேன்.